கோல் யார் கையில்?



மொன்றியலில் எங்கட ஆக்கள் கனபேர் பியர்பொண்ட்ஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கினம். அந்தப் பக்கத்தால ஓடுகிற றிவியேர் தெ பிரெறி ஆற்றில், 1806ஆம் ஆண்டு கோடையில் ஒரு பெரிய மரத் தெப்பம் மிதந்து போனது. பிலேமன் றைட் என்பவர் ஒட்டாவா ஆற்றங்கரையில், இன்றைய கற்றினோ நகரம் இருக்கும் பக்கத்தில், மரம் வெட்டிக் கட்டிய தெப்பம் அது. லஷீன் நீர்ப்பாய்ச்சலைத் தவிர்க்கத்தான் தீவின் வடக்குப் பக்கத்தால் வந்தார். கியூபெக் நகரம் போய்ச்சேர இரண்டு மாதம் பிடித்தது. அந்தத் தெப்பத்தின் பெயர் என்ன தெரியுமோ? 'கொலம்போ'!

அதே ஆண்டின் கடைசியில் நெப்போலியன் பிரித்தானியாவுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தான். கப்பல் கட்டப் பால்டிக் பக்கத்து மரம் கிடைப்பது கஷ்டமாகிப் போச்சு. லண்டனின் பார்வை கனடாக் காட்டுப் பக்கம் திரும்பியது.

காடு முடிக்குரியது என்று அரசு சொன்னது. ஆரம்பத்தில் கடற்படைக்கு மரம் கொடுக்க ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு மட்டுமே வெட்ட அனுமதி. மற்றவர்கள் களவாக வெட்டினார்கள். தடுக்க முடியாது என்று கண்ட அரசு, 1826இல் காசு கட்டினால் யாரும் வெட்டலாம் என்று அறிவித்தது. கன அடிக்கு வெண்பைனுக்கு அரைப் பென்னி, செம்பைனுக்கு ஒரு பென்னி, ஓக்குக்கு ஒன்றரைப் பென்னி. 1849இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

கன அடிக்குக் காசு என்றால் யாரோ அளக்க வேண்டுமே! விற்பவனுக்கு அளவு கூட வேண்டும், வாங்குபவனுக்குக் குறைய வேண்டும். அளப்பவர்கள் வியாபாரியின் பக்கம் சாய்கிறார்கள் என்ற முறைப்பாடு எழுந்தது. 1842ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கியூபெக் நகரில் அரசு ஒரு மேற்பார்வையாளரை நியமித்தது. அவருக்குக் கீழே அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் மரத்தை அளந்து, நல்லது, இரண்டாந்தரம், கழிவு என்று பிரித்தார்கள். இவர்களுக்குக் 'கல்லர்' என்று பெயர். தயவுசெய்து 'கள்ளர்' என்று வாசிக்க வேண்டாம்! இவர்கள் செய்த வேலை தரப்படுத்தல். இந்தச் சொல்லைக் கேட்டால் எங்கட தாய் தகப்பன்மாருக்கு எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதிதான் ஞாபகம் வரும்.

தொழிற்சாலையில் துண்டுக் கணக்குக்கு வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும்: எண்ணுகிறவன் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, எண்ணும் முறையும் நேர்மையாக இருக்க வேண்டும். ஒட்டாவா ஆற்றின் மறுகரையான ஒன்ராறியோவில் 1879இல் 'டொயில்' விதி என்ற கணக்கைச் சட்டமாக்கினார்கள். குற்றியின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நாலைக் கழித்து, வரும் தொகையை அதே தொகையால் பெருக்கினால், 16 அடி நீளக் குற்றியில் எத்தனை பலகை அடி என்று வரும். 24 அங்குலக் குற்றிக்கு 400. இது பரவாயில்லை. 8 அங்குலக் குற்றிக்கு வெறும் 16. ஆனால் அதே குற்றியைச் சதுரமாகச் செதுக்கினாலே 42 பலகை அடிக்கு மேல் மரம் இருக்கும்! அரசுக்குக் காசு 16க்குத்தான். மிச்சம் ஆலைக்காரனுக்கு. பெரிய மரங்கள் முடிந்து சின்ன மரங்கள் வர வர, இந்த இலாபமும் கூடிக்கொண்டு போனது. கோல் பொய் சொல்லவில்லை, கணக்குத்தான் சொன்னது.

இதைவிடப் பெரிய கேள்வி, காடு யாருடையது என்பது. ஒட்டாவாப் பள்ளத்தாக்கு அல்கொங்கின் மக்களின் நிலம். அவர்கள் அதை எந்த ஒப்பந்தத்தாலும் கொடுக்கவில்லை. அவர்களின் தலைவர் கொன்ஸ்ரன்ற் பினெஸி 1812 யுத்தத்தில் பிரித்தானியருக்காகப் போரிட்டவர். அவரும் மற்றவர்களும் தங்கள் நிலத்துக்காக மனு மேல் மனுப் போட்டார்கள். மனுக்கள் கிடந்தன, மரங்கள் போயின. ஆற்றில் கடைசிச் சதுர மரத் தெப்பம் போனது 1908இல். ஒன்ராறியோப் பக்க நிலம் பற்றி ஒரு கொள்கையளவு உடன்பாடு கையெழுத்தாக 2016 ஆகிவிட்டது.

அதே முடி எங்கட நாட்டிலும் ஆண்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டு, இல்லையென்று நிரூபிக்கும் பாரத்தைச் சனத்தின் தலையில் போட்டது. வன்னியின் முதிரையும் கருங்காலியும் அந்தக் கணக்குக்குள் வந்தன. 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பிய சிலர், தாங்கள் விதைத்த காணி வனத்திணைக்களத்தின் எல்லைக்குள் கிடக்கக் கண்டார்கள். கையில் உறுதி இருந்தவர்களுக்குச் சொல்ல ஒரு வாயாவது இருந்தது.

ஆகவே பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் காணி உறுதியோ வரைபடமோ இருந்தால், இந்த வருசப்பிறப்புக்குப் பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பரப்பு என்றால் என்ன, குழி என்றால் என்ன, வடக்கெல்லையில் யாருடைய காணி என்று விளங்கப்படுத்துங்கள். எங்கட அளவை எங்கட பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேறு யாரும் வரப்போவதில்லை.