ஒளியும் அமிலமும்: ஓர் உற்பத்தி வரலாற்றுக் குறிப்பு

கண்டுபிடிப்புக்களைத் தனிமனித மேதைமையின் வெளிப்பாடாக மட்டுமே காணும் போக்கு, இலக்கிய வரலாற்றிற் போலவே விஞ்ஞான வரலாற்றிலும் நிலைத்துள்ளது. ஒளி பட்டதும் அமிலத்தை வெளியிட்டுத் திரவப் பிசினைத் திண்மமாக்கும் உப்புக்களின் வரலாற்றை, அவற்றை வேண்டி நின்ற உற்பத்திச் சூழலோடு இணைத்தே நாம் நோக்குதல் வேண்டும்.

நிறப்பூச்சுக்களிலும் மைகளிலுமிருந்து எழுந்த கரைப்பான் ஆவி, சூரிய ஒளியில் தாக்கமுற்று லொஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டமாகச் சூழ்ந்தது. இதனைக் கட்டுப்படுத்த 1966இல் அங்கு 66ஆம் விதி இயற்றப்பட்டது. அதே ஆவியைப் பட்டறையினுள்ளே நாள்முழுதும் சுவாசித்த தொழிலாளியின் பொருட்டு அவ்விதி எழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1973இன் எண்ணெய் விலையேற்றம் பூச்சை உலர்த்தும் சூளைகளின் செலவை உயர்த்திற்று. கரைப்பானும் சூளையுமின்றிப் பூச்சை இறுகச் செய்யும் வழி மூலதனத்தின் உடனடித் தேவையாயிற்று.

முதல் விடை தகரப்பேணித் தொழிலிலிருந்து வந்தது. அமெரிக்கன் கான் கம்பனியின் ஷ்லெசிங்கர் 1970களின் முற்பகுதியில் டயசோனியம் உப்புக்களைக் கையாண்டார். ஆயின் அவை இருளிலும் சிதைந்தன. வெளியேறிய நைதரசன் தடித்த படலங்களிற் குமிழிகளைத் தோற்றுவித்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தின் கிரிவெல்லோவும் லாமும் 1977இல் வெளியிட்ட அயடோனியம் உப்புக்களும், அவற்றைத் தொடர்ந்த சல்போனியம் உப்புக்களும் இக்குறைகளைக் களைந்தன. ஊதாக்கடந்த கதிர் பட்டதும் இவை மிக வலிய அமிலத்தைத் தருகின்றன; அவ்வமிலம் எப்பொட்சி வளையங்களைத் திறந்து சங்கிலியாகப் பிணைக்கின்றது. ஒட்சிசன் இத்தாக்கத்தைத் தடுப்பதில்லை. விளக்கை அணைத்த பின்னரும் அது இருளிலே தொடர்கின்றது. பேணிப் பூச்சு, ஒட்டுபசை, பின்னர் முப்பரிமாண அச்சு என இவற்றின் பயன் விரிந்தது. எனினும், கரைப்பானை விலக்கிய இம்முறையில், சில சல்போனியம் உப்புக்கள் சிதைகையிற் பென்சீன் வெளிப்பட்டமையால் உணவுப்பொதிகளில் அவற்றின் பயன்பாடு கேள்விக்குரியதாயிற்று.

1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தோடு தொடர்புற்ற இட்டோ, வில்சன், பிரெஷே ஆகியோர் இவ்வுப்புக்களை வேறொரு பணிக்குத் திருப்பினர். ஒளி பட்ட இடத்தில் தோன்றும் அமிலம், பல்பகுதியத்தின் கரையுந்தன்மையை மாற்றுகின்றது. ஓர் அமில மூலக்கூறே பலநூறு பிணைப்புக்களை அறுக்கவல்லது. நுண்சில்லுகளின் கோலங்கள் இன்றும் இத்தத்துவத்தின் வழியே பொறிக்கப்படுகின்றன.

இத்தகைய ஒளியுணர் பூச்சுக்களின் உற்பத்தி பெரிதும் யப்பானியக் கம்பனிகளிடம் குவிந்துள்ளது. இக்குவிவின் அரசியலை நாம் அண்மைக்கால நிகழ்ச்சியொன்றிற் காணலாம். 2018 ஒக்டோபரில் தென்கொரியாவின் அதியுயர் நீதிமன்றம், குடியேற்ற ஆட்சிக்காலக் கட்டாய உழைப்புக்கு யப்பானிய உருக்குக் கம்பனியொன்று நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2019 யூலையில் யப்பானிய அரசு ஒளியுணர் பூச்சு உள்ளிட்ட மூன்று பொருள்களைத் தென்கொரியாவுக்கு ஏற்றுமதி செய்வதன்மீது கட்டுப்பாடுகளை இறுக்கியது. தீர்ப்புக்கான பதிலடி என்றது சியோல்; பாதுகாப்பு நடைமுறை என்றது டோக்கியோ. நட்டஈட்டைத் தன் நாட்டு நிதியமொன்றினூடாகவே வழங்கும் திட்டத்தைத் தென்கொரிய அரசு அறிவித்தது 2023 மார்ச்சில். கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதும் அதே மாதத்திலேயே.