கூழ் நேரம், மணி நேரம், ஷிப்ட் நேரம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸிலோ, ஹாஸ்டலிலோ, நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த ஊரிலாவது மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆயா காலை ஒன்பதரைக்குக் கூழ் கேட்பார். அப்பா பன்னிரண்டே முக்காலுக்குத் தட்டைத் தேடுவார். பேத்தி காலை ஏழு மணிக்குச் சோறும் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டு படுத்துவிடுவாள். "இது என்ன கெட்ட பழக்கம்" என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவள் நான். எனக்கு இதெல்லாம் வரலாறாகத்தான் படுகிறது. ஒருவர் இளம் வயதில் என்ன வேலைக்குப் போனாரோ, அந்த வேலையின் நேரம் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேலை விட்ட பிறகும் அது எழுந்து போவதில்லை.

முதலில் கூழ் நேரம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். செம்பரம்பாக்கம் ஏரியை எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஊருக்கு ஊர் ஒரு ஏரி உண்டு. ஏரி நிரம்பினால் நெல். ஆனால் நெல் விளைவித்த வீடுகளில் தினமும் நெல்லுச் சோறு இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். நெல் குத்தகைக்கும் கடனுக்கும் போனது. வீட்டில் தங்கியது கேழ்வரகும் கம்பும். விடியலில் ஒரு சொம்பு நீராகாரம். ஏர் அவிழ்க்கும் நேரத்தில், அதாவது ஒன்பதரை பத்து மணிக்கு, அலுமினியத் தூக்கில் கூழ் வயலுக்கு வரும். அடுப்பு ஒழுங்காக எரிந்தது ராத்திரியில் மட்டும்தான். மதியச் சாப்பாடு என்று தனியாக ஒன்று பல வீடுகளில் கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் ஆயா கூழ் குடித்து முடித்ததும் தூக்கில் தண்ணீர் ஊற்றி, அலசி, அந்தத் தண்ணீரையும் குடிப்பார். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். ஒட்டியிருக்கும் மாவைக் கீழே கொட்டக் கூடாது என்பது அவருடைய பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். அந்தப் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தவர். 1876 முதல் 1878 வரை நடந்த அந்தப் பஞ்சத்தில் செங்கல்பட்டும் மோசமாக அடிபட்டது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், வாங்கும் அளவுக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். மண் வெட்டும் ஆளுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுத்தில் சண்டை போட்டார். பிறகுதான் அளவை உயர்த்தினார்கள். வேலை செய்பவர் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று வேறு யாரோ மேஜையில் உட்கார்ந்து தீர்மானிப்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எப்போது சாப்பிடுவது என்பது போலவே யாரோடு சாப்பிடுவது என்பதும் இங்கே பெரிய கேள்வியாக இருந்தது. ராமானுஜர் நம் ஊரில் 1017இல் பிறந்தவர் என்பது மரபு. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியை அவர் காஞ்சிபுரத்தில் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்த கதையை வைணவ மரபில் சொல்வார்கள். நம்பி வேறு குலத்தவர். அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று ராமானுஜருக்கு ஆசை. அவர் அழைத்து வரப் போன நேரத்தில் நம்பி வேறு வழியாக வந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ராமானுஜரின் மனைவி இலையை எறிந்து, இடத்தை மெழுகி, மீதியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, குளித்துப் புதிதாகச் சமைத்து வைத்திருந்தாராம். திரும்பி வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த அம்மாவை மட்டும் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. ஊர் முழுக்க இருந்த பழக்கத்தைத்தான் அவரும் செய்தார்.

அந்தப் பழக்கத்தை நம் பக்கத்தில் முதலில் அசைத்தது பள்ளிக்கூட மணி என்று நான் நினைக்கிறேன். சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. காமராஜர் 1956இல் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். நான் படிக்கும்போது அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு கொடுத்த கோதுமை ரவையில் உப்புமா போடுவார்கள். அந்த எண்ணெயின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆயம்மா சத்துணவுக் கூடத்தில் விறகோடு போராடிக்கொண்டிருந்தார். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை நாளில் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டுமே, ஒருவர் பாக்கியில்லை.

ஆரம்ப வருடங்களில் இரண்டு மூன்று வீட்டார் தங்கள் பிள்ளைகளைப் பந்தியில் உட்காரவிடாமல் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். காரணம் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். முட்டை வந்த பிறகு அந்தப் பிள்ளைகளே போக மறுத்துவிட்டார்கள்!

இந்தப் பன்னிரண்டே முக்கால் பசி எனக்கும் உண்டு. வரிசையைப் பார்த்துக்கொண்டே, ஒரு கையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குச் சாப்பிட்டது போலவே இல்லை. என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டுச் சலித்துவிட்டார்.

மூன்றாவது, உங்கள் நேரம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வேலை தொடங்கியது, 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் டைம்லர் லாரிகள், 2013இல் ராயல் என்ஃபீல்டு. என் வகுப்பில் வரைபடத்தில் ஜப்பானையும் கொரியாவையும் தேடிக் கண்டுபிடிக்காத பிள்ளைகள் அந்த நாட்டுக்காரர்களோடு ஒரே கேன்டீனில் வரிசையில் நின்றார்கள். பந்தி விஷயத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியதைக் கேன்டீன் தொடர்ந்தது என்று சொல்லலாம். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க அங்கே நேரமே இல்லை.

நேரமில்லை என்பதுதான் இங்கே பேச்சு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டியிருந்தது. 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்க வழி செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு மாணவி என்னிடம் அந்த அரை மணியைப் பிரித்துக் காட்டினாள். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். லைனை விட்டு வந்து, கோட்டும் தொப்பியும் கழற்றி, செருப்பு மாற்றி, கேன்டீனுக்கு நடக்க எட்டு நிமிடம். தட்டு வாங்கும் வரிசை ஐந்து நிமிடம். திரும்பிப் போய் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்க எட்டு நிமிடம். கை கழுவ, கழிவறைக்குப் போக மூன்று. மிச்சம் ஆறு. அதனால் சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒரே சமயத்தில் சோற்றில் ஊற்றிப் பிசைந்துவிடுவாள். கல்யாணமாகி அந்த வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. மாமியார் வீட்டில் இன்றும் அப்படியே பிசைகிறாள், ஆறு நிமிடத்தில் எழுந்துவிடுகிறாள். "வளர்த்த லட்சணம்" என்று பேச்சு வாங்கியது அவளுடைய அம்மா. இன்னொருத்திக்குத் தண்ணீரே இறங்காது. லைனில் அடிக்கடி அனுமதி கேட்டுப் போக வெட்கப்பட்டுக் குடிக்காமல் இருந்து, அப்படியே பழகிவிட்டது. டாக்டரிடம் போன பிறகுதான் இது பழக்கமில்லை, நோய் என்று தெரிந்தது.

இங்கிலாந்தில் 1833இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலையில் வேலை செய்த 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தபோது சிறுவர்களுக்கு ஒரு மணி நேர இடைவேளை தந்தது. கொடுமையான காலம், குழந்தைகளே மில்லில் நின்ற காலம், அதை நான் மெச்சவில்லை. ஆனால் அப்போதே அரை மணிக்கு மேல் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

இரவு ஷிப்ட் இன்னொரு கதை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களை இரவு ஏழிலிருந்து காலை ஆறு வரை தொழிற்சாலையில் நிறுத்தக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை சமத்துவத்துக்கு விரோதமானது என்று நீக்கி, பெண்களின் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் வைத்தது. நம் ஊர்ப் பெண்கள் ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டேந்தி நின்றது அதற்குப் பிறகுதான். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்ட அம்மாக்களின் பெண்கள், தங்களுக்கென்று ஒரு வேளைச் சாப்பாட்டை முதல் முறையாகச் சூடாகச் சாப்பிட்டார்கள். அதனால் இரவு ஷிப்ட்டை முழுக்கத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உடம்பு மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. C ஷிப்ட்டை விட்டு வருடங்களான பின்பும் இரண்டரைக்கு எழுந்து பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் பிள்ளைகள் என் பழைய வகுப்புகளில் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள்.

2021 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 17ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு, ஜனவரி 12 அன்றுதான் மெல்லத் திறந்தது. உலகம் முழுக்கச் செய்தியானது செல்போன் நின்றதற்காக. அந்தப் பெண்கள் ரோட்டுக்கு வந்தது சோற்றுக்காக. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை அரசு திறந்தது. அந்த விடுதி சும்மா வந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவில், அரசு விரும்பினால் விலக்குத் தரக்கூடிய பிரிவுகளின் பட்டியலில் மேலே சொன்ன 55ஆம் பிரிவும் இருந்தது. அதாவது அந்த அரை மணி. பலரும் வேலை நேரத்தைப் பற்றித்தான் பேசினார்கள், சாப்பாட்டு நேரத்தைப் பற்றிப் பேசியவர் குறைவு. எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

ஷிப்ட் நேரம் வேலைக்குப் போகிறவரோடு நிற்பதில்லை. ஆறு மணி ஷிப்ட்டுக்கு நாலரைக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். அம்மாவும் அப்பாவும் கிளம்பிய வீட்டில் பிள்ளை தானே எழுந்து, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும். முதல் பாடவேளையில் டெஸ்க்கில் தலை சாயும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கூழ் போய்விட்டதா என்றால், இல்லை. ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கம் காலையில் தள்ளுவண்டியில் கூழ், மோர் மிளகாய், வெங்காயம், மாங்காய் எல்லாம் கிடைக்கிறது. C ஷிப்ட் முடித்து வரும் பிள்ளைகள் வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். ஆயாவுக்கு அது நடுக்காலைச் சாப்பாடு, இவர்களுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாப் பையன்கள் வெயில் காலத்தில் ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். பக்காளா என்று அவர்கள் ஊரில் பெயராம், மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்களாம். நம் பழைய சோறேதான். போன மாதம் எங்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் நின்றபடியே இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.