நேற்றிவ்வோ, றொக்கோ?

கனகாலமாக எனக்கு ஒரு ஆசை. லண்டனில் உள்ள பழைய வெள்ளைக்காரக் கடலுணவுக் கடை ஒன்றுக்குள் முன்கதவால் போய், கதிரையில் இருந்து சாப்பிட வேண்டும். சிரிக்காதீர்கள். 2007 இல் வந்த நாள் தொட்டு இந்த ஊரின் சாப்பாட்டுக்கடைகளில்தான் சீவியம். ஆனால் எனக்குப் பழக்கமானது பின்கதவு. குப்பை வாளிகள் நிற்கிற ஒழுங்கையால் போய், குசினிக்குள் இறங்கி, இரவு பன்னிரண்டு மணிக்கு அதே ஒழுங்கையால் வெளியில் வருகிற ஆள் நான்.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை லீவு கிடைத்தது. ஈஸ்ற்ஹாமில் மீன்கடை வைத்திருக்கும் நண்பனையும் இழுத்துக்கொண்டு ஸ்வீற்றிங்ஸ் என்ற கடைக்குப் போனேன். மான்சன் ஹவுஸ் ஸ்ரேசனுக்குக் கிட்ட, குயின் விக்ரோறியா ஸ்றீற் மூலையில் 1889 இலிருந்து இருக்கிற கடை. மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். மேசை பதிவு செய்கிற வழக்கம் இல்லை, வந்து நிற்க வேண்டும். வெள்ளைத்துணி விரித்த நீளக் கவுண்டர்கள், உயரக் கதிரைகள், கவுண்டருக்கு உள்ளே நின்று பரிமாறும் ஆட்கள். கறுத்த பியரையும் சம்பேனையும் கலந்து வெள்ளிக் குவளையில் குடிக்கிற கோட்டுப்போட்ட சிற்றி உத்தியோகத்தர்கள். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பார்கள் என்று நான்தான் பயந்துகொண்டு போயிருந்தேன்.

சிப்பி வேண்டும் என்றேன். பரிமாறுபவர் கேட்டார், “நேற்றிவ்வா, றொக்கா?”

நண்பன் என் காதுக்குள், “நேற்றையானோ எண்டு கேக்கிறான். இண்டையான் இல்லையோ எண்டு கேள் மச்சான்” என்றான். மீன்கடைக்காரனின் பகிடி. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பழைய கேள்வி. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நேற்றிவ் என்றால் இந்த நாட்டுக் கடலுக்கே உரிய சிப்பி. வட்டமாக, தட்டையாக இருக்கும். வளர நாலைந்து வருடம் எடுக்கும். விலை கூட. ஆங்கில மாதப் பெயரில் ஆர் என்ற எழுத்து இருந்தால்தான் சாப்பிடலாம் என்பது இங்கத்தைய பழைய கணக்கு. மே, யூன், யூலை, ஓகஸ்ற் நாலும் விலக்கு. அது இனம் பெருக்கும் காலம், சதை பால்போலக் கலங்கிவிடும். (எங்கள் எழுத்தில் ஓகஸ்ற் என்று எழுதினால் றகரம் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.) றொக் என்றால் நீளமாக, கரடுமுரடாக, கிண்ணம்போல் குழிந்த சிப்பி. இரண்டு மூன்று வருடத்தில் தயார். வருடம் முழுக்கக் கிடைக்கும். விலை குறைவு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வந்த புதிதில் இப்படியான ஒரு கடையின் குசினியில் கோப்பை கழுவினேன். பெயர் வேண்டாம். அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை. சட்டப்படி அப்போது ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 5 பவுண் 52 பென்ஸ். எனக்குத் தந்தது 3 பவுண், கையில் காசாக. ஆறு மாதம் கழிய, சிப்பி திறக்கிற கிழவர் கைநடுக்கத்தால் என்னைப் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். அல்ஜீரியாக்காரர். இடக்கையில் மடித்த துவாய், வலக்கையில் கட்டைக் கத்தி. பொருத்தைத் தேடி நுனியைச் செருகி, பலத்தைக் கொடாமல் முறுக்க வேண்டும். பலத்தைக் கொடுத்தால் கத்தி எங்கே போகும் என்பதற்கு என் இடது பெருவிரலில் இன்றைக்கும் சாட்சி இருக்கிறது.

அங்கே இரண்டு பெட்டிகள் வரும். ஒன்றில் நேற்றிவ், மற்றதில் றொக். நேற்றிவ் பெட்டியைக் குழந்தைப்பிள்ளையைப்போலத் தூக்க வேண்டும். ஒருநாள் ஓடு உடைந்த நேற்றிவ் ஒன்றை, எப்படியும் மேசைக்குப் போகாது என்று, வாயில் போட்டுவிட்டேன். மனேச்சர் கண்டுவிட்டார். அன்றைக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம் வெட்டு. அந்த ஒரு சிப்பியின் ருசிகூட ஞாபகமில்லை. அவசரத்தில் விழுங்கியது.

இப்போது சரித்திரத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, 2006 ஓகஸ்ற்றில் ஏ-9 பாதை மூடிய பிறகு முடிக்காமல் வெளிக்கிட்டவன் நான். பட்டம் இல்லை, பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. இங்கத்தைய நூல்நிலையங்களில் இருந்து வாசித்தபோது முதலில் திகைக்க வைத்தது இதுதான்: சிப்பி பணக்காரன் சாப்பாடே அல்ல.

ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளின் தொழில்களைத் தெருத்தெருவாகப் போய்க் கேட்டு எழுதியவர். 1851 இல் புத்தகமாக வந்தது. தெரு வியாபாரிகள் மட்டும் வருடத்துக்கு 12 கோடி 40 லட்சம் சிப்பி விற்றதாக அவர் கணக்கு. விலை ஒரு பென்சுக்கு நாலு. அந்தக் காலத்து லண்டன் கூலித்தொழிலாளிக்கு அது கடலைச்சுருள் மாதிரி. இறைச்சி வாங்கக் காசு காணாத வீட்டில் மாட்டிறைச்சிப் பையை நிரப்பச் சிப்பியைப் போடுவார்களாம்.

இன்றைக்குப் பெரிய பெயராக இருக்கிற கடைகளின் வேர்களும் அங்கேதான். வில்ற்றன்ஸ் 1742 இல் ஹேமார்க்கெற்றில் சிப்பியும் றாலும் மட்டியும் விற்ற ஒரு தட்டு. றூல்ஸ் 1798 இல் சிப்பிக்கடையாகத் தொடங்கியது. ஸ்கொட்ஸ் 1851 இல் ஒரு சிப்பிக் கிட்டங்கி. ஷீக்கி சந்தையில் தட்டு வைத்திருந்தவர்; சோல்ஸ்பரி பிரபு தன் கட்டிடத்தில் இடம் கொடுத்து 1896 இல் கடை திறந்தவர்.

வில்ற்றன்ஸ் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பக்கத்துத் தேவாலயத்தில் குண்டு விழ, நடத்திய அம்மா துவாயை மடித்து வைத்துவிட்டு இனி எனக்குக் கடை வேண்டாம் என்றாராம். கவுண்டரில் தனியச் சிப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓலவ் ஹம்ப்ரோ என்ற வங்கிக்காரர், கடையின் விலையையும் தன் பில்லில் சேர்க்கச் சொன்னாராம். குண்டு விழுந்தால் கடை வாங்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எங்களுக்கு விழுந்தபோது சூட்கேஸ் மட்டும்தான் தோன்றியது.

பென்சுக்கு நாலு விற்ற சாமான் எப்படி இந்த மேசைக்கு ஏறியது? தின்று தீர்த்தார்கள், அதுதான் முதல் காரணம். ரெயில் வந்ததும் கரையோரச் சிப்பி மலிவாக நகரங்களுக்குள் பாய்ந்தது. அடிமட்டம் வரை வாரினார்கள். 1860களில் இருந்து விலை ஏறத் தொடங்கியது. இரண்டாவது காரணம் மலக்குழி. நகரங்களின் கழிவுநீரைச் சிப்பிப் படுக்கைகளுக்கு மேலேயே கடலில் விட்டார்கள். 1902 கார்த்திகையில் வின்செஸ்ரரிலும் சவுதாம்ரனிலும் நகரபிதாக்கள் வைத்த இரண்டு விருந்துகளில் சாப்பிட்டவர்களுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. வின்செஸ்ரர் தேவாலயத்தின் தலைமைக் குருவே செத்துப்போனார். சிப்பி எம்ஸ்வேர்த் என்ற ஊரில் இருந்து போனது. ஊரே நொடித்தது. சிப்பி வியாபாரி வழக்குப் போட்டு 1906 இல் வென்றார். ஆனால் தொழில் எழும்பவில்லை. பிறகு 1962-63 மாரியின் கடுங்குளிர். 1982 இல் பொனாமியா என்ற ஒட்டுண்ணி நோய். நேற்றிவ் அநேகமாக அழிந்தது.

இதற்குள் ஒரு விசயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே படுக்கைகள் காலியாக, பிரான்சிலும் ஒல்லாந்திலும் இருந்து குஞ்சுச் சிப்பி கொண்டுவந்து இங்கே கடலில் போட்டு வளர்த்தார்கள். அதாவது நேற்றிவ் என்று இன்றைக்குத் தட்டில் வருவதன் பாட்டன் பூட்டன் எங்கிருந்து வந்தவர் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது.

றொக்கின் கதை இன்னும் சுவாரசியம். அது யப்பான் பக்கத்துச் சிப்பி. 1960களில் வேல்சின் கொன்வியில் இருந்த அரசாங்கக் கடற்றொழில் ஆய்வுகூடம் அதை எடுப்பித்து வளர்த்துப் பண்ணைகளுக்குக் கொடுத்தது. காரணம், தொழிலுக்கு ஆள் தேவை. இந்தக் குளிர்த் தண்ணியில் வேலை செய்யும், வளரும், ஆனால் குஞ்சு பொரித்துப் பெருகாது என்று நினைத்தார்கள். கடல் சூடாகிக்கொண்டு வர அது பெருகத் தொடங்கிவிட்டது. கென்ற் கரையோரப் பாறைகளில் அப்பிக்கிடக்கிறது. இப்போது அதற்கு அதிகாரபூர்வப் பெயர் ஊடுருவும் அந்நிய இனம். தானெற் பக்கம் தொண்டர்கள் சுத்தியலோடு போய் அவற்றை உடைக்கிறார்கள். அதே சிப்பிதான் இங்கிலாந்துக் கடைகளில் விற்கும் சிப்பியில் மிகப்பெரிய பங்கு.

இதைக் கொண்டுபோய் உடனே எங்கள் கதையோடு ஒட்டிவிடலாம். எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் சுத்தியல் எடுப்பவர்களிலும் நியாயம் உண்டு. அது ஏறிய கரையில் வேறு சீவன்களுக்கு இடம் குறைகிறது, கூரான ஓட்டில் கால் வெட்டுகிறது. சிப்பி சிப்பிதான், மனிசர் மனிசர்தான். எனக்கு உறுத்துவது வேறு: கூப்பிட்டவர் யார் என்பதை எவ்வளவு கெதியாக மறந்துவிட்டார்கள் என்பது.

முதலாம் வருடத்தில் படித்த மன்னார் முத்துக்குளிப்பு அந்தக் கவுண்டரில் இருக்கும்போது ஞாபகம் வந்தது. 1905 இல் மரிச்சுக்கட்டியில் நடந்தது பெரிய குளிப்பு. மூச்சடக்கிச் சுழியோடியவர்களுக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒன்று, மிச்சம் பிரித்தானிய அரசாங்கத்துக்கு. அது வேறு சாதிச் சிப்பி. கரையில் குவித்து அழுகவிட்டு, புழு தின்ற பிறகு கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். அங்கே சதையை எறிந்து முத்தை எடுத்தவர்கள், இங்கே சதையை விழுங்கி ஓட்டை எறிந்தார்கள்.

“ஆறு நேற்றிவ்” என்றேன். நண்பன் ஆறு றொக். ஐஸ் மேல் வந்தது. எலுமிச்சம்பழம், ரபாஸ்கோ, சிவப்பு மிளகாய்த்தூள். உறைப்பு இல்லாமல் வெள்ளைக்காரனாலும் இதை இறக்க முடியாதுபோல. பக்கத்தில் நின்ற வூஸ்ரர் சோஸ் போத்தலைத் தூக்கி நண்பன் வாசித்தான். “டேய், உதுக்குள்ளை நெத்தலியும் புளியுமடா!” உண்மைதான். 1837 இலிருந்து விற்கிற, ஆங்கிலேயச் சமையலின் அடையாளமான போத்தலுக்குள் இருப்பது எங்கள் மீன்குழம்பின் இரண்டு சாமான். பொரித்த மீனே ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இருந்து துரத்தப்பட்ட யூதர்களோடு இங்கே வந்த சமையல் என்று சொன்னேன். “நீ சாப்பிட விடமாட்டாய்” என்றான்.

சிப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தமுறை அவசரப்படவில்லை. கடித்துச் சாப்பிட்டேன். முதலில் உப்பு, பிறகு கொஞ்சம் இனிப்பு, கடைசியில் செப்புக்காசை நக்கினதுபோல ஒரு கயர். நண்பன், “உப்புத்தண்ணி மச்சான். உதுக்கோ இவ்வளவு எடுப்பு?” என்றான். அவனுடைய றொக் ஒன்றையும் வாங்கித் தின்றேன். கொழுப்பாக, வெள்ளரிக்காய் மணத்தோடு இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு றொக்தான் பிடித்தது.

பிறகு திருக்கை வந்தது. கருக்கிய வெண்ணெய் ஊற்றிய இறக்கைத் துண்டு. அதை மட்டும் இரண்டுபேரும் கதைக்காமல் சாப்பிட்டோம். அம்மா மிளகு தட்டிப்போட்டு வைக்கிற திருக்கைக் கறிக்குக் கிட்டவும் வராது, ஆனால் முள்ளில் இருந்து சதை கழன்றுவருகிற விதம் அதேதான்.

என்னுடைய ஆறு நேற்றிவ்வின் விலை, 2007 இல் எனக்குத் தந்த ஒருநாள் கூலிக்குக் கிட்டத்தட்ட வந்தது. காசைக் கொடுத்துவிட்டு வெளிக்கிடும்போது, சிப்பி திறந்துகொண்டிருந்தவருக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டேன். கை நல்ல வேகம். நிமிர்ந்து பார்த்தார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்; எந்த நாடு என்று. அவர் என் இடது பெருவிரலைப் பார்த்தார்.

“எந்தக் கடையில் திறந்தாய்?” என்றார்.

கடையின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த சிப்பியை எடுத்தார்.