முஸ்தபா கேம்

1993-ஆம் ஆண்டில் ஜப்பானின் காப்காம் நிறுவனத்தார் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்னும் வீடியோ கேமை அதன் ஜாதகப் பெயரால் விசாரித்தால், பம்பாயின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்து இன்று நாற்பதைக் கடந்துவிட்ட தமிழர்களில் பலரும் திருதிருவென்று விழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்று சொன்ன மாத்திரத்தில், எந்தச் சந்தில் எந்தக் கடையில் என்பது உட்பட யாவும் அவர்கள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அதன் பூர்வீகம் வெகு தூரத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சித்திரக்காரர் மார்க் ஷுல்ட்ஸ் 1980-களின் பிற்பகுதியில் 'ஸெனொஸோயிக் டேல்ஸ்' என்ற படக்கதையைத் தொடங்கினார். நாகரிகம் அழிந்து டைனோசர்கள் மறுபடி உலாவும் ஓர் எதிர்காலத்தில், பழைய காடிலாக் காரை ஓட்டித் திரியும் ஜாக் டென்ரெக்தான் அதன் நாயகன். ஆட்டத்திலும் பிரதம ஸ்தானம் அவனுக்கே. ஆயினும் ஆடுபவன் தேர்ந்துகொள்ள வைத்த நால்வரில், மஞ்சள் தொப்பியும் மின்னல் வேகமும் கொண்ட முஸ்தபா கெய்ரோவையே நம் பையன்கள் வரித்துக்கொண்டபடியால், ஆட்டமே அவன் பெயரால் வழங்கலாயிற்று. 1992 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் பம்பாயை எரித்த கலவரத்தில் தாராவியும் வெந்ததல்லவா; அதற்குப் பின் வந்த வருஷங்களில் எல்லா மதத்துப் பையன்களும் 'முஸ்தபா எனக்கு' என்று முண்டியடித்ததில் தத்துவார்த்தம் காண யாருக்கேனும் ஆசை வரலாம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஓடிவந்து பாய்ந்து உதைக்கும் அவன் காலுக்குக் கிடைத்த மரியாதை அது.

வசதியுள்ள வீடுகளில் டிவியோடு பொருத்தும் 'சாமுராய்' போன்ற பெட்டிகள் புழங்கிய காலம். இந்த ஆட்டமோ காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பார்லரில் மட்டுமே கிடைத்தது. மூவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடலாம். ஜாய்ஸ்டிக்கை முன்பக்கம் இருமுறை தட்டினால் முஸ்தபா ஓடுவான். ஓடும்போது அடிக்கும் பட்டனை அழுத்தினால் பாய்வான். அடியையும் தாவலையும் ஒருசேர அழுத்தினால் சூழ்ந்து நிற்போர் யாவரும் சிதறுவார்கள், ஆனால் தன் உயிரிலும் கொஞ்சம் கழியும். அதை எங்கே செலவிடுவது என்றறிந்தவன் ஒரே ரூபாயில் வெகுநேரம் நிற்பான்; கடைக்காரருக்கு அவன் பரம சத்ரு, வேடிக்கை பார்க்கும் கும்பலுக்கு வஸ்தாது.

இந்த ஆட்டத்தின் அசல் யந்திரத்திலுள்ள மின்சுற்றுப் பலகையில் ஒரு விசித்திரம் உண்டு. ஒலியை நடத்தும் சிப்பின் ரகசியக் குறி ஒரு சிறு பேட்டரியின் தயவில் நின்றது. பேட்டரி தீர்ந்தால் குறி அழியும், ஒலியும் போய்விடும். திருட்டு நகலைத் தடுக்க உத்தேசித்த இவ்வேற்பாடு, காலப்போக்கில் நியாயமாகக் கிரயம் கொடுத்து வாங்கியவனையே தண்டித்தது. கள்ளப் பலகை செய்தவர்களோ அந்தச் சிப்பையே ஒதுக்கிவிட்டு மட்டமான வேறோர் ஒலியைச் சேர்த்தபடியால், அவர்களுடைய சரக்குக்கு அந்தக் கண்டம் இல்லை. உடைமையாளரின் உரிமையை நான் மறுக்கவில்லை. என்றாலும் இந்த ஆட்டத்தின் தீர்க்காயுளுக்குக் கள்ளர்களுக்கே நன்றி சொல்லவேண்டியிருக்கிறது.

பழைய ஆர்கேட் பலகைகளைக் கணினிக்குள் ஓடச்செய்யும் 'மேம்' என்ற மென்பொருள் 1997-ல் வந்தது. பார்லர்கள் அருகத் தொடங்கியபோது, முஸ்தபா அதன் வழியே சைபர் கஃபேக்களுக்குக் குடிபெயர்ந்தான். 2018-ல் காப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து வெளியிட்டது. படக்கதையின் உரிமையும் காரின் பெயரும் பிறர் கையில் இருக்கும் இந்த ஆட்டத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.