மகிழ்ச்சியைப் பங்கு பிரித்தல்: கூடியாடும் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது பற்றி

திருச்சி காட்டூரில், தஞ்சாவூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில், 2018க்குப் பிறகு மாலை நேரப் பேச்சே மாறிப்போனது. திண்ணையிலும் பைக் மேலும் நான்கு நான்கு பேராக உட்கார்ந்த இளைஞர்கள் ‘எங்கடா இறங்குறது’, ‘நாக் ஆயிட்டேன், வந்து தூக்கு’, ‘ஜோன் வருது, ஓடு’ என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் பப்ஜி மொபைல் வெளியாகியிருந்தது. 8 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட எராங்கெல் என்ற தீவில் 100 பேர் குதிப்பார்கள். கடைசிவரை நிற்கும் அணிக்கு வெற்றி. இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள துப்பாக்கித் தொழிற்சாலையில், ஏ.கே.எம். வகையை ஒட்டிய ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ உண்மையாகவே உருவாகிறது. எங்கள் தெருப் பிள்ளைகளோ ஏ.கே.எம். சுடும்போது எவ்வளவு எகிறும் என்பதைக் கட்டைவிரலால் அறிந்தவர்கள்.

இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் நான் வாசித்தவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ரசிகரின் ஆர்ப்பரிப்பு, மற்றது பெற்றோரின் கவலை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆட்டம் எப்படி இயங்குகிறது என்பது மட்டும் இரண்டிலும் இல்லை. இதற்கு மருந்தாக ‘நடுநிலை’யைச் சொல்கிறார்கள்: நிறையில் இரண்டு பத்தி, குறையில் இரண்டு பத்தி. அந்த மருந்தை நான் ஏற்கவில்லை. பலர் கூடியாடும் ஆட்டத்தில் நிறையும் குறையும் ஒருவருக்கே உரியவை அல்ல. அவற்றை நிறுப்பதற்கு முன் யாருடையவை என்று பிரிக்க வேண்டும்.

தமிழ் விமர்சனத்துக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா அலசல் விமர்சனத்தை வலியுறுத்தினார், க.நா. சுப்ரமண்யம் தேர்ந்த வாசகனின் ரசனையையே அளவுகோலாக நிறுத்தினார். இந்த விவாதத்தில் உற்சாகமும் ஆய்வும் எதிரெதிர்த் துருவங்கள் என்ற எண்ணம் நம்மிடம் படிந்துவிட்டது. ஆனால் ரசிகமணி டி.கே.சி.யைப் பாருங்கள். கம்பன் மீது அவரைவிட உற்சாகம் கொண்டவர் யார்? அந்த உற்சாகமே அவரைக் கடுமையாக்கியது. கம்பன் பெயரில் வழங்கும் பாடல்களில் ஏராளமானவற்றை இடைச்செருகல் என்று தள்ளினார், சிலவற்றின் சொற்களையே திருத்தவும் துணிந்தார். அவர் முடிவுகள் பலவற்றை அறிஞர்கள் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. எனினும் ஒன்றை அவரிடம் கற்கலாம்: இது கம்பனுடையது, இது வேறொருவருடையது என்று பிரிக்கத் தூண்டியது அலட்சியம் அன்று, காதல்.

தனியாக ஆடும் ஆட்டத்தில் இந்தப் பிரிப்பு எளிது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. அதை ஆடுபவர் நாவல் வாசிப்பவரைப் போலத் தனித்திருக்கிறார். நெகிழ்ந்தாலும் சலித்தாலும் பெரும்பாலும் அது படைத்தவரின் கைவண்ணம். நம் மொழி, நம் இட்லி என்ற பெருமிதத்தை மட்டும் கழித்துப் பார்த்தால் போதும்.

பப்ஜியில் அப்படி முடியாது. நாங்கள் நால்வர் இரவு பத்து மணிக்குச் சேர்வோம். நள்ளிரவுக்குள் நான்கைந்து ஆட்டம். சிரித்த சிரிப்பில் பாதி, ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கிய நண்பனைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை எந்த நிறுவனமும் தயாரிக்கவில்லை. தெருக் கிரிக்கெட்டிலும் அது எங்களுக்குக் கிடைத்ததே. இடம் குறுகினால் ‘ஒன் பிட்ச் கேட்ச் அவுட்’ என்று நாங்களே விதி செய்வோம். எதிர்வீட்டுக்குள் பந்து போனால் அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும். அங்கே விதியும் எங்களுடையது, சிரிப்பும் எங்களுடையது. இங்கே சிரிப்பு எங்களுடையது, விதி சர்வர் வைத்திருப்பவருடையது. விமர்சகர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

படைத்தவருக்கு உரிய பாராட்டைத் தயங்காமல் தர வேண்டும். சுருங்கிவரும் வட்டம் ஓர் அபாரமான கண்டுபிடிப்பு. அவ்வளவு பெரிய தீவில் சிதறிய 100 பேரை ஏறத்தாழ அரைமணி நேரத்தில் ஒரே வயல்வெளிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, வெளியே நின்றால் உயிர் கரையும், அவ்வளவுதான். புல்லில் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலடி ஓசைக்காகக் காத்திருக்கும் அந்த நிமிடங்கள் தற்செயலாக வாய்ப்பவை அல்ல. வடிவமைத்தவரின் திறமை அது.

குறையும் அதே இடத்திலிருந்து வருகிறது. புதிதாகச் சேர்பவரின் ஆட்டங்களில் எதிரிகள் பலர் மனிதர்களே அல்லர். கணினி இயக்கும் ‘பாட்’கள். குறி பார்க்கத் தெரியாமல் நின்று சாவார்கள். முதல் வாரத்திலேயே ‘சிக்கன் டின்னர்’, அதாவது முதலிடம், வென்றதாகப் பூரித்து எழுதும் விமர்சனம், ஆட்டத்தைப் பாராட்டவில்லை. தன்னிடம் விற்கப்பட்ட வெற்றியைப் பாராட்டுகிறது. இதை நீண்ட நாள் ஆடியவர்தான் கண்டுபிடிக்க முடியும். நீண்ட நாள் ஆட வைப்பதோ உற்சாகம். உற்சாகமில்லாதவரின் குறைகாணல் இந்த ஆட்டங்களில் மேலோட்டமாக நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது பங்கு கருவிக்கும் இணைப்புக்கும் உரியது. ஃபைபர் இணைப்பும் விலையுயர்ந்த போனும் உள்ள விமர்சகர் ஆடுவதும், 2 ஜிபி நினைவகப் போனில் மொபைல் டேட்டாவில் திக்கித் திக்கி ஆடுபவர் ஆடுவதும் ஒரே ஆட்டம் அல்ல. எந்தப் போனில், எந்த இணைப்பில் ஆடினேன் என்று சொல்லாத பாராட்டை நான் நம்புவதில்லை.

நான்காவது பங்கு அரசுக்கு. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் அதைப் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் கொண்டுவந்தது. ரத்தம் பச்சையானது, ‘கில்’ என்ற சொல் ‘ஃபினிஷ்’ ஆனது. 2022 ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மூன்று மாத முன்னோட்ட அனுமதியோடு திரும்பியது. 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்க்கு 6 மணி நேரம் என்ற வரம்புடன். ஆக, எந்த ஆட்டத்தை விமர்சிக்கிறோம்? பச்சை ரத்தத்தைக் கேலி செய்து வடிவமைப்பாளரைத் திட்டுவது பிழை. நேர வரம்பைச் சொல்லி நிறுவனத்தின் அக்கறையைப் புகழ்வதும் எனக்கு அவசரமாகவே படுகிறது.

ஸ்ரீரங்கம் தாயார் சன்னதி எதிரேயுள்ள கம்பர் மண்டபத்தில் கம்பனின் இராமாயணம் அரங்கேறியது என்பது மரபு. இரணியன் வதைப் படலத்துக்குப் புலவர்கள் தடை சொன்னபோது, அங்குள்ள நரசிம்மர் மேட்டழகிய சிங்கரே தலையசைத்து ஏற்றார் என்பார்கள். அரங்கேறிய பிறகு நூல் நூலாகவே நிற்கும். இந்த ஆட்டங்களுக்கோ ஒவ்வொரு புதுப்பிப்பும் ஓர் அரங்கேற்றம். 2010இல் வெளியாகித் தோல்வியுற்ற ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ஐ அதன் நிறுவனமே 2012இல் மூடி, 2013இல் புதிதாகக் கட்டி வெளியிட்டது, பெரும் வெற்றி பெற்றது. முதல் ஆண்டின் கண்டனம் பொய்யில்லை, பின்னாளின் புகழும் பொய்யில்லை. அவற்றுக்குத் தேவை ஒரு தேதியும் பதிப்பு எண்ணும்.

நண்பர்களின் பங்கை மட்டும் எப்படிக் கழிப்பது? எனக்கு வழி கிடைத்தது தற்செயலாகத்தான். எங்கள் நால்வரில் ஒருவன் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போனான். மற்ற இருவருக்கும் ஷிப்ட் மாறியது. ஒரு மாதம் நான் முகம் தெரியாத மூவரோடு ஆடினேன். ஒருவர் இந்தி பேசினார், ஒருவர் பேசவேயில்லை. வட்டம் சுருங்கும்போது நெஞ்சு முன்போலவே அடித்துக்கொண்டது. புதுச் சட்டையும் துப்பாக்கிப் பூச்சும் வாங்கச் சொல்லித் திரை நச்சரிப்பது, முன்பு கண்ணில் படாதது, இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் பட்டது. இரவு பதினொன்றுக்கே போனை வைத்துவிட்டேன். அந்த மாதத்துக் குறிப்புகளிலிருந்துதான் என் விமர்சனத்தை எழுதினேன்.