சிட்டா நூலும் சங்கமும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் நெசவாளரும் அரசின் துணையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் பருத்தியால் வளர்ந்த ஊர்களாயினும், அந்த வளர்ச்சி இரண்டு வேறு வழிகளில் நிகழ்ந்தது. இராசபாளையத்தில் 1936இல் தொடங்கிய நூற்பாலைத் தொழில் பெருமுதலீட்டில் தழைக்க, திருவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம், சத்திரப்பட்டி ஆகிய ஊர்களின் சாலியர் என்னும் நெசவாளர் சமூகத்தின் தெருக்களில் குழித்தறி நெசவே குடும்பங்களைக் காத்தது. நூல் கண்ணுக்கெட்டும் தொலைவில் நூற்கப்பட்டும், அது தறிக்கு வரும் வழி வணிகரின் கையில் இருந்தது. நூலையும் முன்பணத்தையும் அவரே தந்து, நெய்த துணியை அவரே எடுத்துக்கொண்டதால், கடன் தீராத நெசவாளர் சொந்தத் தறியிலேயே கூலியாளாக இருந்தார்.

இந்தப் பிடியைத் தளர்த்தவே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அவற்றின் துணியை விற்கும் தலைமைச் சங்கம், இன்றைய கோ-ஆப்டெக்ஸ், 1935இல் சென்னையில் உருவானது. உலகப்போர்க் காலத்தில் நூல் கட்டுப்பாட்டுக்குள் வந்து, சங்கங்கள் வழியாகவும் பங்கிடப்பட்டபோது, கொள்கைக்காக அன்றி நூலுக்காகவே பலர் உறுப்பினராயினர். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை, ஏனெனில் நூல் கிடைத்தால்தான் அடுப்பு எரியும்.

இராசபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் ஆட்சி 1952 ஏப்ரலில் முடிந்து இராஜாஜி சென்னை மாநில முதல்வரான வேளையில், கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினியில் வாடினர். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியவையாக வேண்டும் என்று இராஜாஜி வாதாடினார். மைய அரசு அதை முழுமையாக ஏற்காமல், ஆலைகளின் வேட்டி உற்பத்தியை முந்தைய அளவில் 60 விழுக்காடாகக் குறைத்ததோடு, 1953இல் ஆலைத்துணியின் மீது கெஜத்துக்கு மூன்று பை, அதாவது காலணா, கூடுதல் தீர்வை விதித்துக் கைத்தறிக்கும் கதருக்கும் நிதி திரட்டியது.

அந்நிதியின் அருமை அது செலவான முறையில் இருந்தது. பங்குத்தொகை கட்ட வழியில்லாத நெசவாளருக்கு அதையே கடனாகத் தந்து, பின் கூலியில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொண்டதால், வணிகரின் கடனாளியாக இருந்தவர் சங்கத்தின் பங்குதாரரானார். அவர் சங்கத்தில் பாவும் ஊடையும் நிறுத்து வாங்கி, நெய்த துணியை அளந்தும் நிறுத்தும் ஒப்படைக்க, கூலி அவருடைய கணக்கில் பதிவானது. விற்பனைத் தள்ளுபடியின் சுமையை அரசு ஏற்றது.

ஆயினும் தறியைச் சூழ்ந்த சந்தையை அரசு அவ்வளவு உறுதியாகக் காக்கவில்லை. கைத்தறிக்கு வேண்டிய சிட்டா நூலை, அதாவது 840 கெஜம் கொண்ட சிட்டங்களாகச் சுற்றிய நூலை, ஆலைகள் குறித்த விகிதத்தில் தயாரிக்கவேண்டும் என்ற கடமை நெடுநாள் 50 விழுக்காடாக இருந்து, 2003இல் 40 ஆகவும் 2019இல் 30 ஆகவும் குறைந்தது. தீர்வை விலக்குப் பெற்ற அந்நூல் விசைத்தறிகளுக்குத் திரும்பிவிடுவதும் நாடெங்கும் நடந்தது. 1985ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியும், வழக்குகளில் சிக்கி 1993இல்தான் உச்ச நீதிமன்றத்தில் நிலைபெற்றது; 1996இல் அவ்வகைகள் பதினொன்றாகச் சுருங்கின.

இதற்கிடையே சத்திரப்பட்டி விசைத்தறிக்கு மாறி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியால் பெயர்பெற்றது. தமிழக அரசு 2016இல் இரு மாதங்களுக்கு ஒருமுறை கைத்தறிக்கு 200 அலகும் விசைத்தறிக்கு 750 அலகும் கட்டணமில்லா மின்சாரம் வழங்கியது. 2023இல் அவை 300 ஆகவும் 1,000 ஆகவும் உயர்ந்தன.