ஊர் என்றொரு நகரமும் எமது கட்டுக்கரையும்

சமூகக்கல்விப் பாடத்தில் சுமேரியரைப் படித்த நாளை எமது வகுப்புத் தோழியர் மறந்திருக்கமாட்டார்கள். “சுமேரியரின் நகரங்களில் ஒன்று ஊர்” என்று ரீச்சர் வாசிக்க, பின்வாங்கிலிலிருந்து “எந்த ஊர், ரீச்சர்?” என்றொரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்துவிட்டார்.

அந்த ஊர் இன்றைய ஈராக்கின் தெற்கில் உள்ளது. லெனாட் வூலி 1922 முதல் 1934 வரை அதனை அகழ்ந்தார். எமது பாடசாலை கால்கொண்டதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். யூப்பிரட்டீஸ், தைகிரீஸ் ஆறுகளின் கீழ்ச் சமவெளியில் மழை போதாது. வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்தால்தான் பார்லி விளையும். வெட்டவும், தூர் வாரவும், பங்கிடவும் பலர் கூடவேண்டும். எவ்வளவு விளைந்தது, யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதையும் குறித்து வைக்கவேண்டும். இப்படித்தான் கி.மு. 3300 அளவில் ஊருக் நகரத்தார் களிமண் பலகையில் கீறத் தொடங்கினார்கள். எழுத்து களஞ்சியக் கணக்குக்காகப் பிறந்தது. கதைகளும் பாடல்களும் பின்னர் வந்தவை. நிப்பூரில் கிடைத்த பலகையொன்றில் 4000 ஆண்டுகளுக்கு முந்திய மருந்துக் குறிப்புகள் உள்ளன. அளவும் இல்லை, நோயின் பெயரும் இல்லை. வைத்தியத் தொழிலுக்கு வந்த எம்மவர் எழுதும் துண்டுகளைவிட வாசிக்கச் சுலபமாக இருந்திருக்கும்!

முருங்கன் பக்கத்துக் கமக்காரரின் பிள்ளைகளுக்கு இதிலே புதினமில்லை. அருவியாற்று நீர் கட்டுக்கரைக் குளத்தில் நிறைந்து, துருசு திறந்து, வாய்க்கால் வழியே சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். சிறுபோகத்துக்கு இருக்கிற தண்ணீரில் யார் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் எழும் சத்தமும் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பரீட்சைக்கு ஊருக்கையும் நிப்பூரையும் பாடமாக்கிய எமக்குக் கட்டுக்கரையைப் பற்றி ஒரு வரியும் படிப்பிக்கப்படவில்லை. 2016 இல் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அங்கு அகழ்வாய்வைத் தொடங்கிய பின்னர்தான் எமக்கே தெரியவந்தது. கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகள், சுடுமண்ணில் செய்த யானை, குதிரை, காளை, பாம்பு, மனிதத் தலைகள் வெளிவந்தன. இரும்புக்கால மக்கள் வாழ்ந்த இடம் இது. உருவங்கள் பலவற்றை அவர் ஐயனார் வழிபாட்டோடு தொடர்புபடுத்துகிறார். வன்னியில் இன்றும் குளக்கட்டைக் காப்பவர் ஐயனார்தானே.

இதைக்கொண்டு நாம் சுமேரியரோடு உறவு கொண்டாட வேண்டியதில்லை. ஈழத்துப் பேராசிரியர் ஆ. சதாசிவம் சுமேரிய மொழி திராவிட மொழியே என்று 1965 இல் நூல் எழுதினார். மொழியியலாளர் அதை ஏற்கவில்லை. சுமேரியம் எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி என்கிறார்கள். சுமேரியரின் ஆட்சி மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் அதிகமான பின்னரே எம்மவர் இரும்பு உருக்கத் தொடங்கினர். பின்னே வந்தது குறைவல்ல. வறண்ட நிலத்தில் நீரை மறித்து, மண்ணைச் சுட்டு, கூடிவாழக் கற்றதை இரண்டு இடங்களிலும் காண்கிறோம்.

அந்தப் பக்கம் வயலுள்ள தோழியரிடம் ஒன்று கேட்கிறோம். உழவிலோ மண் வெட்டும்போதோ ஓடோ உருவமோ கிளம்பினால் வரம்பில் எறியாதீர்கள். கண்ட இடத்தைக் குறித்து, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இயந்திரம் ஒரு நாளில் புரட்டிப்போடும் மண்ணைத் திரும்ப அடுக்க எவராலும் முடியாது.

1990 இல் எம்மில் சிலர் குடும்பத்தோடு மடுவுக்கு இடம்பெயர்ந்தபோது, இளைப்பாறியது கட்டுக்கரைப் பக்கத்து மரநிழலில். பெரியவர்கள் சோறு சமைக்க, சிறுமிகளான நாம் நிலத்தில் கோடு கீறிக் கெந்தி விளையாடினோம். எறிவதற்கு அங்கே கிடந்த ஓட்டுத் துண்டொன்றைத்தான் எடுத்தோம். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. புறப்படும்போது அதை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம்.